முத்தம்கூட இல்லாத அமிஷ் காதல் நாவல்களில் அப்படி என்னதான் இருக்கிறது?

கேள்வி கேட்டவர் கொஞ்சம் கிண்டலாகத்தான் கேட்டிருக்கிறார்: "மின்சாரம் இல்லை, கார் இல்லை, கடைசி அத்தியாயம் வரை ஒரு முத்தம்கூட இல்லை. இந்த அமிஷ் காதல் நாவல்களை அமெரிக்காவில் ஏன் இப்படி விழுந்து விழுந்து படிக்கிறார்கள்?" நானும் ஒரு காலத்தில் இதே கிண்டலோடு இருந்தவள்தான். இப்போது எப்படியும் அறுபது எழுபது படித்திருப்பேன். அதனால் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

கல்யாணமான புதிதில் பென்சில்வேனியாவில் ஹாரிஸ்பர்க் பக்கம் மூன்று வருடம் இருந்தோம். எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லாத விசா. கார் ஓட்டத் தெரியாது. டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். நடந்து போகிற தூரத்தில் இருந்தது நூலகம் ஒன்றுதான். அங்கே வயதானவர்களுக்காகப் பெரிய எழுத்துப் புத்தகங்களுக்குத் தனி அலமாரி. அதில் பாதி அட்டைகள் ஒரே மாதிரி இருந்தன: வெள்ளைத் தொப்பி போட்ட பெண், பின்னால் கோதுமை வயல், தூரத்தில் ஒரு குதிரை வண்டி. ஒரு சனிக்கிழமை சும்மா ஒன்றை எடுத்து வந்தேன். திங்கட்கிழமை காலையில் நூலகம் திறப்பதற்கு முன்பே வாசலில் போய் நின்றேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: அமிஷ் மக்கள் 1693-ல் யாக்கோப் அம்மான் என்பவரின் தலைமையில் சுவிட்சர்லாந்து, அல்சாஸ் பகுதிகளில் தனியாகப் பிரிந்த ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். 18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவுக்குக் குடியேறினார்கள். இன்று மூன்றரை லட்சத்துக்கும் மேல் இருக்கிறார்கள். பெரிய குடியிருப்புகள் என்றால் பென்சில்வேனியாவில் லான்காஸ்டர், ஒஹையோவில் ஹோம்ஸ் கவுண்டி, இந்தியானாவில் எல்க்ஹார்ட், லாக்ரேஞ்ச் பகுதி. வீட்டில் பேசுவது பென்சில்வேனியா டச்சு. பெயர்தான் டச்சு, உண்மையில் அது ஒரு ஜெர்மன் வட்டார மொழி. வெளியிலிருந்து வரும் மின்கம்பியை வீட்டுக்குள் விடுவதில்லை. கார் வைத்துக்கொள்ளக் கூடாது, அடுத்தவர் ஓட்டும் காரில் ஏறிப் போகலாம். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். 1972-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அதற்கு மேல் கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

இனி அந்த முதல் புத்தகத்தில் என்னைப் பிடித்து உட்கார வைத்த இடம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இளவட்டங்கள் ஒரு வீட்டில் கூடிப் பாடுவார்கள். நீள மேசைக்கு ஒரு பக்கம் பையன்கள், எதிர்ப்பக்கம் பெண்கள். முடிந்ததும், பிடித்த பெண்ணைத் தன் வண்டியில் வீட்டில் கொண்டுபோய் விடலாமா என்று பையன் கேட்பான். அவன் கேட்டான், அவள் ஏறினாள். அவ்வளவுதான் சம்பவம். அதற்குப் பிறகு நாலு பக்கத்துக்கு வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. குதிரையின் மூச்சு புகையாக வருகிறது. கம்பளியை அவள் தன் முழங்கால் மேல் இழுத்துக்கொள்கிறாள். பாதி அவனுக்கும் வேண்டுமே என்று ஒரு யோசனை. கொடுத்தால் என்ன நினைப்பானோ என்று இன்னொரு யோசனை. அவன் கண்ணெல்லாம் சாலையில், கையில் கடிவாளம். கடைசியில் கம்பளியின் ஓரத்தை அவன் பக்கம் தள்ளிவிட்டு அவள் வேலியைப் பார்த்துக்கொள்கிறாள். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ஒரு கம்பளிக்காக!

இந்த வகைக் கதை இன்று நேற்று வந்ததல்ல. 1905-லேயே அமிஷ் பெண்ணை வைத்து நாவல் வந்திருக்கிறது. 1985-ல் ஹாரிசன் ஃபோர்டு நடித்த 'விட்னஸ்' படம் லான்காஸ்டரை உலகத்துக்கே காட்டியது. அதில் போலீஸ்காரரும் அமிஷ் விதவையும் கடைசியில் பிரிந்துவிடுவார்கள். ஆனால் சந்தையாக இது சூடுபிடித்தது 1997-ல் பெவர்லி லூயிஸ் எழுதிய 'தி ஷன்னிங்' வந்த பிறகுதான். அது பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. வலெரி வீவர்-ஸெர்ச்சர் என்ற மெனோனைட் (அமிஷுக்கு உறவான இன்னொரு கிறிஸ்தவப் பிரிவு) பெண்மணி இந்த நாவல்களைப் பற்றி 2013-ல் ஒரு ஆய்வு நூலே எழுதியிருக்கிறார். அவர் கணக்குப்படி 2012-ல் மட்டும் 85 புது அமிஷ் காதல் நாவல்கள். அதாவது நாலு நாளைக்கு ஒன்று!

இதற்கு அவர் சொல்லும் முக்கியமான காரணங்கள் இரண்டு. வாழ்க்கை தலைதெறிக்க ஓடுகிறது, எதைத் திறந்தாலும் காமம் கொட்டுகிறது. இந்த இரண்டிலும் களைத்துப்போனவர்கள் கொஞ்சம் நிழல் தேடி இங்கே ஒதுங்குகிறார்கள். சரிதான், மறுக்கவில்லை. ஆனால் நிழல் மட்டும் போதும் என்றால் தோட்டக்கலைப் புத்தகம் படிக்கலாமே? என்னைக் கேட்டால் காரணம் இன்னும் எளிமையானது. காதல் கதைக்கு ஒரு சுவர் வேண்டும். இன்றைய அமெரிக்காவில் அந்தச் சுவர் இடிந்துபோய்விட்டது.

யோசித்துப் பாருங்கள். இருவருக்கும் இருபத்தெட்டு வயது, வேலை இருக்கிறது, தனி வீடு இருக்கிறது. பிடித்திருந்தால் சேர்ந்து வாழலாம், யாரும் கேட்க மாட்டார்கள். இவர்களை முந்நூறு பக்கத்துக்குப் பிரித்து வைக்க எழுத்தாளர் என்ன பாடு படுவார்! படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு எழுதுகிற நவீனக் குடும்பக் காதல் கதைகளும் நிறையப் படித்திருக்கிறேன். நகரத்தில் வேலை பார்த்த பெண், பாட்டி விட்டுப்போன பேக்கரியை விற்க ஊருக்கு வருவாள். எதிரே மரவேலை செய்கிற ஒருத்தன். பனி பெய்யும், கிறிஸ்துமஸ் வரும். கதை முக்கால்வாசி போனதும் அவன் வேறொரு பெண்ணைக் கட்டிப்பிடித்து நிற்பதைப் பார்த்துவிட்டு இவள் அழுதுகொண்டே ஓடுவாள். அந்தப் பெண் அவன் தங்கை. ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் அறுபது பக்கம் மிச்சம். பிடிக்காது என்று சொல்லவில்லை, இன்றைக்கும் படிக்கிறேன். ஆனால் அது அட்டையில் செய்த சுவர் என்று எனக்கும் தெரியும், எழுதியவருக்கும் தெரியும்.

அமிஷ் கதையில் சுவர் கருங்கல். அதில் ஒரே ஒரு வாசல், அந்த வாசலுக்கும் ஒரு கெடு. இவர்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. வளர்ந்த பிறகு, பெரும்பாலும் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயதுக்குள், தானே விரும்பி எடுக்க வேண்டும். பதினாறு வயதிலிருந்து அதுவரை உள்ள காலம்தான் 'ரும்ஸ்பிரிங்கா'. கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்திருக்கும். அதற்குள் ஒருவன் ஊரை விட்டுப் போனால் வீட்டில் வருத்தப்படுவார்கள், ஆனால் தள்ளிவைக்க மாட்டார்கள். ஞானஸ்நானம் எடுத்த பிறகு போனால் தள்ளிவைப்புதான். இதில் கதாசிரியருக்குக் கிடைத்த வரம் என்னவென்றால், ஞானஸ்நானம் எடுக்காமல் கல்யாணம் கிடையாது, அதுவும் இரண்டு பேரும் எடுத்திருக்க வேண்டும். அதனால் "உன்னைப் பிடித்திருக்கிறது" என்று சொன்ன அடுத்த நொடியே "அப்படியானால் நீ யார், எங்கே இருக்கப் போகிறாய்" என்ற கேள்வி வந்து நின்றுவிடுகிறது. நூற்றுக்கு எண்பத்தைந்து பேருக்கு மேல் சபையிலேயே தங்கிவிடுகிறார்கள் என்பது உண்மை நிலவரம். மீதிப் பதினைந்து பேரை வைத்துத்தான் நாவல் உலகம் பிழைக்கிறது.

தள்ளிவைப்பு எப்படி நடக்கும் என்று நுணுக்கமாக எழுதிய ஒரு புத்தகத்தை நான் பாதியில் மூடி வைத்திருக்கிறேன். ஊரை விட்டுப் போன அக்கா அப்பாவைப் பார்க்க வருகிறாள். வீட்டுக்குள் விடுகிறார்கள், சாப்பாடும் உண்டு. ஆனால் மேசையின் ஓரத்தில் அவளுக்கு மட்டும் தனி விரிப்பு. அவள் நீட்டுகிற பாத்திரத்தை அம்மா கையில் வாங்குவதில்லை. அவள் கீழே வைத்த பிறகு எடுத்துக்கொள்கிறாள். கையிலிருந்து கைக்கு எதுவும் போகக் கூடாது. அமெரிக்க வாசகிக்கு இது வினோதமான பழக்கமாகத் தெரியலாம். எனக்கு ஊரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த தம்ளர் ஞாபகம் வந்துவிட்டது. இரண்டும் ஒன்றல்ல. அமிஷ் வீட்டில் பிறப்பால் யாரையும் ஒதுக்கவில்லை, கொடுத்த வாக்கை மீறியதற்கான தண்டனை, மனம் மாறித் திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்வார்கள். அதெல்லாம் புத்திக்குத் தெரிகிறது. ஆனாலும் அந்தப் பாத்திரம் மேசையில் இறங்கும் சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம். "எளிமையான, அழகான வாழ்க்கை" என்று உருகுகிற வாசகிகள் இந்தப் பக்கங்களை எப்படித் தாண்டிப் போகிறார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அப்புறம், இந்தக் கதைகள் விடுகிற கதைகளும் கொஞ்சநஞ்சமல்ல. எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் அமிஷ் கிடையாது, வெளியே இருக்கிற சுவிசேஷக் கிறிஸ்தவர்கள். அதனால் கதாநாயகி ஒரு நாள் முழங்காலில் நின்று, தான் இரட்சிக்கப்பட்டுவிட்டதாக நிச்சயமாக உணர்கிறாள். பழைய அமிஷ்காரர் காதில் விழுந்தால், அப்படி அடித்துச் சொல்வதே அகந்தை என்பார். நம்பிக்கை வைக்கலாம், தீர்ப்பு கடவுள் கையில் என்பதுதான் அவர்கள் பேச்சு. நாவலில் எல்லோரும் விவசாயி. நிஜத்தில் நிறையப் பேர் மரப்பட்டறை, கட்டட வேலை என்று போகிறார்கள், வட இந்தியானாவில் உள்ளேயே தங்கிப் பயணம் போகிற வீட்டுவண்டி செய்யும் தொழிற்சாலைகளுக்கும் போகிறார்கள். அட்டைப்படத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். படத்துக்கு முகம் காட்டி நிற்பதே தப்பு என்று நினைக்கிற சமூகத்துப் பெண்ணுக்குப் புருவம் திருத்தி, உதட்டுச்சாயம் பூசி நிறுத்தியிருப்பார்கள். லான்காஸ்டர் பெண்களின் தொப்பி பின்னாலிருந்து பார்த்தால் இதய வடிவத்தில் இருக்கும், மேற்கே போனால் மடிப்பு வைத்துத் தைத்தது. கதை லான்காஸ்டரில், தொப்பி ஒஹையோவில் என்று எத்தனை அட்டைகள் பார்த்திருக்கிறேன்!

இவ்வளவு குறை சொல்லியும் ஏன் படிக்கிறாய் என்றால், சுவருக்கு அடுத்தபடி என்னை இழுப்பது வேலை. இந்த நாவல்களில் யாரும் சும்மா நின்று காதலிப்பதில்லை. பட்டாணி உரித்துக்கொண்டே, கயிற்றில் துணி காயப்போட்டுக்கொண்டே, பத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒட்டுத்துணிப் போர்வை தைத்துக்கொண்டேதான் பேசுகிறார்கள். லான்காஸ்டர் பக்கம் கல்யாணங்கள் அறுவடை முடிந்த பிறகு, முக்கியமாக நவம்பரில், செவ்வாய், வியாழக்கிழமைகளில் நடப்பது பழைய வழக்கம். அதுவரை நிச்சயதார்த்தம் ரகசியம். சபையில் அறிவிப்பதே சில வாரங்களுக்கு முன்புதான். ஆனால் கல்யாண விருந்துக்கு செலரித் தண்டு கூடை கூடையாக வேண்டும். அதனால் கோடையில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் வழக்கத்தைவிட நாலு வரிசை செலரி அதிகமாக நின்றால், வேலிக்கு அந்தப் பக்கத்துப் பெண்கள் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள், அந்த வீட்டில் கல்யாண வயதில் யார் என்று. காதல் கடிதம் மாட்டிக்கொள்கிற கதை ஆயிரம் படித்திருக்கிறேன். செலரிப் பாத்தி காட்டிக்கொடுக்கிற கதை வேறெங்கும் கிடைக்கவில்லை.

எதில் தொடங்கலாம் என்று யாராவது கேட்டால் லிண்டா பைலர் எழுதியதை எடுத்துக் கொடுப்பேன். அவரே அமிஷ் பெண்மணி. அவர் கதாநாயகிகளுக்குக் கோபம் வரும், பொறாமை வரும், சமையலில் சலிப்பு வரும். தொப்பியைச் சரியாக வைக்கத் தெரிந்தவர் எழுதினால் வித்தியாசம் தெரிகிறது.

நாங்கள் மதுரைக்குத் திரும்பி வந்த பிறகு அம்மாவுக்கு அறுவை சிகிச்சை ஆகி இருபது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ராத்திரி தூக்கம் வராது. அப்போது என் போனில் இருந்தது இந்த நாவல்கள்தான். துப்பறியும் கதை படிக்கத் தைரியம் இல்லை, நல்ல இலக்கியம் படிக்கத் தெம்பு இல்லை. இதில் யார் பிழைப்பார்கள் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். அந்த வார்டில் அது ஒரு பெரிய ஆறுதல். என்னடி படிக்கிற என்று அம்மா கேட்டாள். படித்ததை ஒவ்வொரு ராத்திரியும் அம்மாவுக்குத் தமிழில் கதையாகச் சொன்னேன். ஞானஸ்நானம், தள்ளிவைப்பு எல்லாம் ஒரே ராத்திரியில் பிடிபட்டுவிட்டது அவளுக்கு. விளக்கமே தேவைப்படவில்லை.

ஒரு கதையில் பெண் விடியற்காலையில் வீட்டை விட்டுப் போகிறாள். தோட்டத்து முனையில் அவன் காரோடு நிற்கிறான். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்குவதை நான் ரொம்ப உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா கண்ணை மூடியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் கேட்டாள்:

"ஏன்டி, அப்ப அன்னைக்குக் காலையில மாட்ட யாரு கறந்தா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் முழித்துக்கொண்டார். அப்புறம் போனைத் திறந்து அடுத்த அத்தியாயத்தைப் பார்த்தேன். அதை எழுதிய பெண்மணி மறக்கவில்லை. முதல் வரியிலேயே அவள் அப்பா லாந்தரை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போகிறார். அவள் உட்காருகிற முக்காலி காலியாக இருக்கிறது. ஒரு நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், பிறகு அவரே உட்கார்ந்து கறக்க ஆரம்பிக்கிறார். அதை அப்படியே அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன்.

"ம்" என்றாள் அம்மா. "மேல சொல்லு."