சிகாகோ ஃபயர், 9-1-1 மாதிரி அமெரிக்க டிவி தொடர்களில் காட்டுவது போலத்தான் தீயணைப்பு வீரர்களும் ஆம்புலன்ஸ்காரர்களும் நிஜத்தில் வேலை பார்க்கிறார்களா? எந்தத் தொடரைப் பார்க்கலாம்?

வண்டி நிஜம். சாமான்கள் நிஜம். ஸ்டேஷன் சமையலறையில் உட்கார்ந்து ஒருத்தரை ஒருத்தர் கலாய்ப்பது நூற்றுக்கு நூறு நிஜம். மற்றதைச் சொல்லுமுன் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

பகலில் நியூ ஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலை. வியாழன் மாலை ஆறு மணியிலிருந்து வெள்ளி காலை ஆறு வரை எங்கள் ஊர் ரெஸ்க்யூ ஸ்குவாடில் சம்பளம் இல்லாத ஈ.எம்.டி., அதாவது ஆம்புலன்ஸில் போய் முதலுதவி செய்பவன். இது ஏழாவது வருஷம். இந்த மாநிலத்தில் பல ஊர்களில் ராத்திரி ஆம்புலன்ஸ் ஓடுவதே என்னைப் போன்ற தன்னார்வலர்களை நம்பித்தான். வீட்டில் மனைவி 9-1-1 தொடரின் பரம ரசிகை. ஆக, இரண்டு பக்கமும் அடி வாங்குகிறவன் நான்.

முதலில் நெருப்பு. நான் தீயணைப்பு ஆள் இல்லை. அந்த வேலையில் இருக்கும் நண்பர் சொல்லிக் கேட்டதுதான். தொடரில் எரிகிற வீட்டுக்குள் நுழைந்தால் ஆரஞ்சு வெளிச்சத்தில் சோபா, மாடிப்படி, மயங்கிக் கிடக்கும் குழந்தை எல்லாம் பளிச்சென்று தெரியும். இன்றைய வீட்டுச் சாமான்களில் பாதி பிளாஸ்டிக்கும் ஃபோமும். அது எரிந்தால் வருவது தார் நிறப் புகை. முகத்துக்கு நேரே கையை நீட்டினால் கை தெரியாது. முட்டி போட்டு, ஒரு கையைச் சுவரிலிருந்து எடுக்காமல், தடவித் தடவித்தான் ஆளைத் தேட வேண்டும். உள்ளபடியே படம் பிடித்தால் பத்து நிமிஷம் டிவி ரிப்பேர் என்றுதான் நினைப்பீர்கள் என்பார் நண்பர்.

நடிகரின் முகம் தெரிய வேண்டுமே! அதனால் முக்கியமான வசனம் வரும்போது முகமூடியைக் கழற்றிவிடுவார்கள். புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். கழற்றிப் பேசினால் அதுவே கடைசி வசனம். முதுகில் மாட்டும் சிலிண்டரில் முப்பது நிமிஷம் என்று எழுதியிருந்தாலும், மூச்சு வாங்க வேலை செய்கிறவருக்கு இருபது நிமிஷம் வந்தாலே பெரிது. மூன்றில் ஒரு பங்கு காற்று மிச்சமிருக்கும்போதே வெளியே வரச் சொல்லி ஓர் அலாரம் அடிக்கும். ஆள் அசையாமல் கிடந்தால் அரை நிமிஷத்தில் இன்னோர் அலாரம் கத்த ஆரம்பிக்கும். தொடர்களில் இந்தச் சத்தத்தையெல்லாம் அடக்கிவிட்டு வயலின் வாசிக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய வித்தியாசம், நெருப்பே குறைவு என்பது. அமெரிக்கத் தீயணைப்புத் துறைகளுக்கு வரும் அழைப்புகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மருத்துவ உதவி கேட்டு வருபவை. 9-1-1 தொடரில் முதல் எபிசோடிலேயே சுவருக்குள் குழாயில் மாட்டிய பச்சைக் குழந்தை. மூன்றாவது சீசனில் சாண்டா மோனிகாவில் சுனாமி. 2024-ல் தேனீக் கூட்டம் ஊரையே துரத்தியது. எனக்குப் போன வியாழன் வந்தவை மூன்று: பாத்ரூமில் வழுக்கி விழுந்தவர், சர்க்கரை இறங்கியவர், கட்டிலிலிருந்து சரிந்தவரைத் தூக்கி உட்கார வைக்க ஒன்று. கடைசியதற்கு மருத்துவமே தேவைப்படவில்லை. இடுப்புப் பலம்தான் தேவைப்பட்டது.

ஒன்றை மட்டும் 9-1-1 நன்றாகச் செய்திருக்கிறது. 911 என்ற அவசர எண்ணுக்கு வரும் போனை எடுப்பவரையும் கதாபாத்திரம் ஆக்கியது. வண்டி வந்து சேருமுன் போனிலேயே நெஞ்சை அழுத்தச் சொல்லிக் கொடுப்பது அவர்கள்தான். அவர்களை முன்பு எந்தத் தொடர் மதித்தது?

இப்போது சி.பி.ஆர்., அதாவது இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தி உயிர் காக்கப் பார்ப்பது. எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம் இது. திரையில் முழங்கையை மடக்கி, மாவு பிசைவது போல நாலு அழுத்து. நடிகரின் நெஞ்சை நிஜமாக அழுத்த முடியாது, அது புரிகிறது. ஆனால் மானிட்டரில் நேர்கோடு ஓடும்போது ஷாக் கொடுப்பதை மன்னிக்க முடியாது. நேர்கோடு என்றால் இதயத்தில் மின்னோட்டமே இல்லை. ஷாக், தாறுமாறாகத் துடிக்கிற இதயத்தை ஒரு நொடி நிறுத்தி ஒழுங்குக்குக் கொண்டுவரத்தான். நின்ற வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய அல்ல. நாங்கள் பெரும்பாலும் கேட்பது, எல்லோரும் கையை எடுத்துவிட்டு நிற்கிற அந்த அமைதியில், ஷாக் கொடுக்கும் இயந்திரம் உணர்ச்சியே இல்லாமல் ஷாக் வேண்டாம், அழுத்துவதைத் தொடருங்கள் என்று சொல்வதைத்தான். நிமிஷத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். விலா எலும்பு உடைவது கையில் தெரியும். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவோம். அதற்குள் சட்டை நனைந்துவிடும்.

1996-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் ஆய்வு வந்தது. ஈ.ஆர்., சிகாகோ ஹோப், ரெஸ்க்யூ 911 என்ற மூன்று நிகழ்ச்சிகளின் 97 எபிசோடுகளை உட்கார்ந்து பார்த்து, அவற்றில் வந்த 60 சி.பி.ஆர். காட்சிகளை எண்ணினார்கள். 75 சதவீதம் பேர் அந்த இடத்திலேயே பிழைத்தார்கள். 67 சதவீதம் பேர் வீட்டுக்கே திரும்பிவிட்டதாகத் தோன்றியது. அமெரிக்காவில் ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்றவர்களில் உயிரோடு வீடு திரும்புபவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில்தான். இதனால் வரும் தொந்தரவு என்னவென்றால், கூடத்தில் நின்று பார்க்கும் மகன் டிவியில் பார்த்ததை எதிர்பார்க்கிறான். அப்பா எழவில்லை என்றால் நாங்கள் ஏதோ சரியாகச் செய்யவில்லை என்று அவன் முகம் சொல்லும்.

அதற்காக டிவியைத் திட்டிக்கொண்டே இருக்கவும் முடியாது. எங்கள் ஸ்குவாடின் பழைய கேப்டன் இந்த வேலைக்கு வந்ததே ஒரு டிவி தொடரால். எமர்ஜென்சி! என்று பெயர், 1972-ல் என்.பி.சி.யில் தொடங்கியது. லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டியின் ஸ்குவாட் 51, கேஜ், டிசோட்டோ என்று இரண்டு பாராமெடிக்குகள் (களத்திலேயே மருந்து ஏற்றப் பயிற்சி பெற்ற ஆம்புலன்ஸ்காரர்கள்). அந்தக் காலத்தில் பல அமெரிக்க ஊர்களில் ஈமச்சடங்கு நடத்துபவர்களின் அமரர் ஊர்தியே ஆம்புலன்ஸாகவும் ஓடியது (போகிற வழியில் உயிர் போனால் வண்டியைக்கூட மாற்ற வேண்டாம்). களத்திலேயே மருந்து ஏற்றலாம் என்ற சட்டம் கலிஃபோர்னியாவில் வந்ததே 1970-ல். தொடரைப் பார்த்த மக்கள், நம் ஊரில் ஏன் இது இல்லை என்று கேட்க ஆரம்பித்தார்கள். டாக்டர் தொடர்களும் போலீஸ் தொடர்களும் எத்தனையோ வந்தன. இவ்வளவு வேலை பார்த்த தொடர் எனக்குத் தெரிந்து வேறில்லை.

அதிலும் விட்டுப்போனது ஒன்று உண்டு. அந்தத் தொடருக்கு ஐந்து வருஷம் முன்பே, 1967-ல், பிட்ஸ்பர்க்கின் ஹில் பகுதியில் ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் தொடங்கிவிட்டது. வேலையில்லாத கறுப்பின இளைஞர்களுக்கு டாக்டர் பீட்டர் சேஃபர் பயிற்சி கொடுத்து வண்டியில் ஏற்றினார். 1975-ல் நகராட்சி தன் சேவையைத் தொடங்கி அதை மூடிவிட்டது. பாராமெடிக் என்றதும் ஒரு தலைமுறைக்கு ஞாபகம் வந்ததோ திரையில் பார்த்த, கறுப்பினத்தவர் அல்லாத அந்த இரண்டு பேர்தான்.

சரி, எனக்குப் பெரிய பொய்யாகப் படுவது இதெல்லாம்கூட இல்லை. ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன்.

அபார்ட்மென்ட் இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. மகளைப் பார்க்க விசிட்டர் விசாவில் வந்த எழுபத்திரண்டு வயதுப் பாட்டி. நெஞ்சில் ஏதோ அடைக்கிற மாதிரி இருக்கிறதாம். என் பார்ட்னர் ஆங்கிலத்தில் கேட்கக் கேட்க, பாட்டி மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான், "எப்பலேர்ந்து வலிக்குது பாட்டி?" என்றதும் நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ எந்த ஊருப்பா?"

"சாத்தூர், பாட்டி. வலி கைக்கு இறங்குதா?"

"எங்களுக்குக் கோயில்பட்டி. நைட்டியோடயா கூட்டிட்டுப் போகப் போற? சேலை மாத்திக்கிறேன், இரு."

மாரடைப்பாக இருந்தால் ஒரு அடி நடக்க விடக்கூடாது. சேலைக்காகப் பெரிய பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் நைட்டிக்கு மேலே மகளின் சால்வையைச் சுற்றிக்கொண்டு, நாற்காலி மாதிரி மடக்குகிற ஸ்டேர் சேரில் உட்காரச் சம்மதித்தார். தலைமாட்டை நானும் கால்மாட்டை பார்ட்னரும் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கினோம். "விழுந்துறப் போறேன்யா" என்று வழியெல்லாம் என் சட்டைக் கையை விடவில்லை. வண்டியில் ஆக்ஸிஜன் அளவு பார்க்க விரலில் கிளிப்பை மாட்டியதும் மெல்லக் கேட்டார்: "இதுக்கு எம்புட்டு ஆகும்?" எங்கள் வண்டிக்குக் காசு இல்லை என்றேன். "ஆஸ்பத்திரிக்கு?" அதற்கு நான் பதில் சொல்லவில்லை. ரத்த அழுத்தம் பார்ப்பது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் விவரம் சொல்லி, டேப்லெட்டில் கையெழுத்து வாங்கி, ஸ்ட்ரெச்சரைத் துடைத்து, புது விரிப்புப் போட்டு வெளியே வந்தோம். அவ்வளவுதான். மாரடைப்பா, வெறும் வாயுத் தொல்லையா, ஊருக்குத் திரும்பிப் போனாரா, எதுவும் தெரியாது. பெரும்பாலும் யாரும் சொல்ல மாட்டார்கள். தொடரில் அடுத்த காட்சியிலேயே பாராமெடிக் பூங்கொத்தோடு வார்டுக்குப் போவார், நோயாளி சிரிப்பார். எங்களுக்கு எல்லாக் கதையும் இன்டர்வெல்லோடு முடிந்துவிடும்.

எதைப் பார்க்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஸ்டேஷன் வாழ்க்கைக்குச் சிகாகோ ஃபயர். மனசு என்ன ஆகும் என்று பார்க்க ரெஸ்க்யூ மீ (2004–2011). செப்டம்பர் 11-ல் 343 பேரை இழந்த நியூயார்க் தீயணைப்புத் துறையின் கதை. செத்துப்போன உறவுக்காரனோடு பேசிக்கொண்டே குடிக்கும் நாயகன். கெட்ட வார்த்தை அதிகம், குழந்தைகளோடு வேண்டாம். 9-1-1 பாப்கார்னோடு பார்க்க.

வெள்ளிக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும்போது மனைவி காபியை நீட்டிக்கொண்டே கேட்பாள். பாட்டியை ஏற்றிய அன்றும் கேட்டாள்.

"அந்தம்மாவுக்கு என்னாச்சு?"

"தெரியல."

"அப்புறம் ராத்திரி பூரா என்னத்தப் பாத்துட்டு வர்றீங்க?"