கிராஃபில் 40 சதவீதம்தான், பாக்கெட் ஏன் தொலைகிறது? ஸ்விட்ச் வாங்குவோரின் கேள்விகள்

கேள்வி: எங்கள் வலைத்தளம் 3 ரேக்கில் ஓடுகிறது. ரேக்குக்கு 36 சர்வர், எல்லாம் 1ஜி (நொடிக்கு 1 ஜிகாபிட்) ஸ்விட்சில். உச்ச நேரத்திலும் போர்ட் பயன்பாடு கிராஃபில் 40 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. ஆனாலும் கேஷ் சர்வர்களின் (அடிக்கடி கேட்கும் தரவை நினைவகத்தில் வைத்திருப்பவை) பதில் அவ்வப்போது 200 மில்லிசெகண்டுக்கு மேல் தாமதமாகிறது. 10ஜி போதுமா, 25ஜிக்கே போய்விடலாமா? விற்பனையாளர் 'டீப் பஃபர்' (பாக்கெட் காத்திருக்கும் நினைவகம் மிகப் பெரிதாக உள்ள) ஸ்விட்ச்தான் தீர்வு என்கிறார்.

பதில்: அந்த 200 என்ற எண்ணே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. தொலைந்த பாக்கெட்டுக்கு (தரவின் சிறு துண்டு) ஒப்புகை வராதபோது, லினக்ஸில் டிசிபி (தரவு போய்ச் சேர்ந்ததா என்று பார்த்து அனுப்பும் நெறிமுறை) மறுபடி அனுப்பக் காத்திருக்கும் குறைந்தபட்ச நேரம் 200 மில்லிசெகண்ட். ஆக, எங்கோ பாக்கெட் விழுகிறது. கிராஃப் காட்டுவது பெரும்பாலும் ஐந்து நிமிடச் சராசரி. பாக்கெட் விழுவதோ ஒரு மில்லிசெகண்டுக்குள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வெப் சர்வர் 30 கேஷ் சர்வர்களிடம் ஒரே நேரத்தில் கேட்கிறது. ஒவ்வொன்றும் 64 கிலோபைட் அனுப்பினால் மொத்தம் 1.9 எம்பி. முப்பதும் 1ஜியில் தள்ளும்போது இத்தனையும் அரை மில்லிசெகண்டில் ஸ்விட்சுக்குள் வந்து நிற்கும். வெளியே போக ஒரே வாசல். 1ஜி போர்ட் மில்லிசெகண்டுக்கு 125 கிலோபைட்தான் இறக்கும். மிச்சம் 1.8 எம்பிக்கு மேல் பஃபரில் காத்திருக்க வேண்டும். பழைய 1ஜி ஸ்விட்சுகளில் பஃபர் மொத்தமே சில எம்பி, அதையும் எல்லா போர்ட்டும் பங்கு போட்டுக்கொள்கின்றன. இடம் கிடைக்காத பாக்கெட் அங்கேயே விழும்.

ஆர்டர் போடுமுன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். தாமதம் தெரியும் வெப் சர்வரின் போர்ட்டில் அவுட்புட் டிஸ்கார்டு கவுன்டரை (வெளியே அனுப்ப முடியாமல் கைவிட்ட பாக்கெட்டின் எண்ணிக்கை)ப் பத்து நிமிட இடைவெளியில் இருமுறை குறியுங்கள். அது ஏறி, சிஆர்சி பிழை (வழியில் சிதைந்து வந்த பாக்கெட்டின் எண்ணிக்கை) பூஜ்யத்திலேயே இருந்தால் பஃபர்தான் நிறைகிறது. சிஆர்சி ஏறினால் கேபிளிலோ ஆப்டிக்கிலோ (ஒளியிழை மாட்டும் தொகுதி) கோளாறு. அதை மாற்றாமல் எந்த ஸ்விட்ச் வந்தாலும் தீராது.

பஃபர்தான் என்றால் 25ஜிக்குப் போங்கள். 25ஜி போர்ட் அதே 1.9 எம்பியை 0.6 மில்லிசெகண்டில் இறக்கிவிடும். ஆனால் அனுப்புகிறவர்களுக்கும் வேகம் கூடுவதால், பஃபரில் வந்து குவியும் பைட் அளவு பெரிதாகக் குறையாது. அதனால் போர்ட் வேகத்தோடு பஃபர் அளவையும் கேளுங்கள். பிராட்காம் ட்ரைடென்ட் 3 சிப்பின் பெரிய வகையில் 32 எம்பி பொதுப் பஃபர் உண்டு. 'ஒரு போர்ட் அதில் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம், அந்த வரம்பை நாங்கள் மாற்ற முடியுமா' என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். ஜிகாபைட் கணக்கில் பஃபர் உள்ள டீப் பஃபர் ஸ்விட்ச் 100ஜியிலிருந்து 10ஜி இணைய இணைப்புக்கு இறங்கும் எல்லையில் பயன்படும். உங்கள் ரேக்குக்குள் அது வீண் செலவு.

உங்கள் அளவுக்கு, ரேக்குக்கு இரண்டாக 6 லீஃப் ஸ்விட்ச் (சர்வர்கள் இணைவது இதில்தான்; 48 × 25ஜி, 8 × 100ஜி), நடுவில் லீஃபுகளை ஒன்றோடொன்று இணைக்கும் 32 × 100ஜி ஸ்பைன் ஸ்விட்ச் இரண்டு. லீஃபின் எட்டு 100ஜி போர்ட்டில் இரண்டு, ஜோடி ஸ்விட்சுகளுக்கு இடையிலான இணைப்புக்கு. நான்கு, ஸ்பைனுக்கு ஒவ்வொன்றுக்கும் இரண்டாக. இரண்டு கையிருப்பு. 36 சர்வர் × 25ஜி என்றால் 900ஜி, மேலே போக 400ஜி, விகிதம் 2.25:1. வலைத்தளத்துக்கு இது நல்ல விகிதம். ஒவ்வொரு ஸ்பைனிலும் 12 போர்ட்தான் நிறையும். மீதியில் ரேக் கூட்டிக்கொள்ளலாம்.

டேட்டாஷீட்டில் இந்த லீஃபுக்கு 4 டெராபிட் என்று போட்டிருப்பார்கள். போர்ட்டுகளைக் கூட்டினால் 2 டெராபிட்தான் வரும். இரு திசையையும் எண்ணுவது இத்தொழிலின் பழைய வழக்கம்.

பழைய 10ஜி கார்டு உள்ள சர்வர்களைப் புது ஸ்விட்சில் செருகும்போது கவனம். பல மாடல்களில் 25ஜி போர்ட்டுகள் நான்கு நான்காகக் குழுவாக இருக்கும். ஒன்றை 10ஜிக்கு மாற்றினால் மற்ற மூன்றும் 10ஜிதான். ஆகவே 10ஜி சர்வர்களை 1 முதல் 4, 5 முதல் 8 என்று அடுத்தடுத்துச் செருகுங்கள். 1ஜி மட்டுமே உள்ள மேலாண்மை போர்ட்டுகளுக்கு இந்த ஸ்விட்ச் வேண்டாம். ரேக்குக்கு ஒரு சாதாரண 48 போர்ட் 1ஜி ஸ்விட்ச் தனியாக வையுங்கள். பிரதான வலை விழுந்த அன்று சர்வருக்குள் நுழைய அதுதான் வழி.

கேள்வி: இரண்டு ஸ்விட்சை ஸ்டாக் செய்வதா, எம்லேக் போடுவதா?

பதில்: எம்லேக். அதில் இரண்டு ஸ்விட்சும் தனித்தனியாக ஓடியபடியே சர்வருக்கு ஒன்றுபோல் தெரியும். ஸ்டாக்கில் இரண்டும் ஒரே மூளையில் ஓடும். ஃபர்ம்வேர் ஏற்றினால் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே ரீபூட் ஆகும். எம்லேக்கில் ஒன்றை இறக்கி ஏற்றும்வரை மற்றது சர்வர்களைத் தாங்கும். இரண்டு 25ஜி இணைத்தால் ஒரே கோப்பு 50ஜியில் போகும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஒரு டிசிபி இணைப்பு ஒரு கம்பியில்தான் போகும்.

கேள்வி: விலைப்பட்டியலில் ஸ்விட்ச் விலை மட்டும் இருக்கிறது. வேறென்ன விட்டுப்போகும்?

பதில்: பெரிய தொகையே அங்கேதான் ஒளிந்திருக்கிறது. உங்கள் கணக்கில் 108 சர்வருக்கு இரண்டாக 216 இணைப்பு. ரேக்குக்குள் 3 மீட்டர்வரை டாக் (இரு முனையிலும் பிளக் பொருத்தியே வரும்) செப்புக் கேபிள் போதும். அத்தனைக்கும் ஆப்டிக் வாங்கினால் பில் எகிறிவிடும். வேறு நிறுவன ஆப்டிக்கையும் கேபிளையும் ஸ்விட்ச் ஏற்குமா, ஏற்றாலும் சப்போர்ட் தருவார்களா என்று கேளுங்கள். 25ஜியில் எஃப்இசி (பிழை திருத்தும் முறை) அமைப்பு இரு முனையிலும் ஒன்றாக இல்லாவிட்டால் கேபிள் நன்றாக இருந்தும் லிங்க் எழாது. பிஜிபி (வழி தேர்ந்தெடுக்கும் நெறிமுறை), விஎக்ஸ்லேன் (ரேக்குகளைத் தாண்டி மெய்நிகர் வலை அமைக்கும் முறை) ஆகியவற்றுக்குத் தனி லைசென்ஸா என்றும் பாருங்கள்.

அடுத்தது காற்றோட்டம். சர்வரின் நெட்வொர்க் போர்ட்டுகள் பின்பக்கம் இருப்பதால் ஸ்விட்சின் போர்ட்டுகளும் பின்பக்கமே பார்க்கும். அப்போது விசிறிப் பக்கத்திலிருந்து குளிர்காற்றை இழுத்து, போர்ட் பக்கம் வெளியே தள்ளும் வகை வேண்டும். எதிர்த்திசை வகை வந்தால் சர்வர்கள் கக்கும் சூட்டையே உறிஞ்சும். பவர் சப்ளையும் விசிறியும் ஒரே திசையா என்று பாகத்தின் எண்ணை வைத்துச் சரிபாருங்கள். உதிரிக்கு ஒரு லீஃபும் அதே திசையில் ஒரு பவர் சப்ளையும் ஆர்டரிலேயே சேர்த்துவிடுங்கள்.