இதயத் தசைக்குள் என்ன நடக்கிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

உடற்பயிற்சிக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பு குறித்துச் செட்டிநாட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன். மாத்திரை அளவைக் கேட்டு எழுதியவர்கள், தங்களை நேரில் பரிசோதிக்கும் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன்.

இதயத் தசைச் செல்கள் பெருகுவதில்லை என்று படித்தேன். அப்படியானால் உடற்பயிற்சியால் இதயம் எப்படி வலுவடைகிறது?
(கல்லூரி மாணவி, காரைக்குடி)

நீங்கள் படித்தது பெரும்பாலும் சரியே. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14 அளவைக் கொண்டு மனித இதயச் செல்களின் வயதைக் கணக்கிட்ட ஆய்வு ஒன்று 2009-இல் வெளிவந்தது. 25 வயதில் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதச் செல்களும், 75 வயதில் அரை சதவீதத்துக்கும் குறைவான செல்களுமே புதிதாகின்றன என்று அது காட்டியது. ஆகவே பயிற்சியின் பலனை ஏற்கெனவே உள்ள செல்களுக்குள்தான் முதன்மையாகத் தேட வேண்டும்.

தொடர்ந்து பயிற்சி செய்யும்போது இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணியான ஐ.ஜி.எஃப்-1, செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் இணைந்து, பி.ஐ.3 கைனேஸ், ஏ.கே.டி. என்னும் நொதிகளை அடுத்தடுத்து இயக்குகிறது. அதனால் புரத உற்பத்தி கூடி, செல் அளவில் பருமனாகிறது. எலிகளை நீந்தவைத்துச் செய்த 2010-ஆம் ஆண்டு ஆய்வில், மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் சி.இ.பி.பி-பீட்டா என்ற புரதம் இதயத்தில் குறைந்ததும், அந்தக் குறைவே வளர்ச்சிக்கு வழிவிட்டதும் தெரியவந்தன. பி.ஜி.சி-1 ஆல்ஃபா என்ற மற்றொரு புரதம், ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களைப் பெருக்கத் தூண்டுகிறது.

நான் இவற்றைவிட முக்கியமாகக் கருதுவது கால்சியத்தை. ஒவ்வொரு துடிப்பிலும் செல்லுக்குள் கால்சியம் வெளிப்பட்டுத் தசையைச் சுருக்குகிறது. தசை விரிய வேண்டுமானால், செர்கா என்னும் புரதம் அந்தக் கால்சியத்தை மீண்டும் அதன் சேமிப்பறைக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். பயிற்சி பெற்ற விலங்குகளின் இதயத்தில் இந்த வேலை விரைவாக நடக்கிறது. இதயம் நன்றாக விரிந்தால்தான் அதில் நிறைய இரத்தம் நிரம்பும் என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

எக்கோ ஸ்கேனில் இதயச் சுவர் தடித்திருப்பதாகச் சொன்னார்கள். எனக்கு இரத்த அழுத்தம் உண்டு. தினமும் நடக்கவும் செய்கிறேன். நடைதான் காரணமா?
(வாசகர், தேவகோட்டை)

காரணம் பெரும்பாலும் இரத்த அழுத்தமாகவே இருக்கும். மிதமான நடை எக்கோவில் தெரியுமளவுக்குச் சுவரைத் தடிக்கச் செய்வதில்லை. கடும் பயிற்சி செய்யும் விளையாட்டு வீரர்களுக்கும் சுவர் ஓரளவு தடிக்கும் என்றாலும், உள்ளே நடப்பது வேறு. கட்டுப்படாத அழுத்தத்தில் இதயத்துக்கு இரவும் பகலும் ஓய்வில்லை. ஆஞ்சியோடென்சின், நார்அட்ரீனலின் ஆகிய ஹார்மோன்களின் தூண்டுதலால் கால்சினியூரின் என்னும் நொதி இயங்கி, கருவிலிருக்கும்போது மட்டும் வேண்டியிருந்த சில மரபணுக்கள் மீண்டும் விழித்துக்கொள்கின்றன. செல்களுக்கிடையே கொலாஜன் நார்கள் படிந்து தசை விறைக்கிறது. தசை வளரும் அளவுக்கு அதற்கு இரத்தம் தரும் நுண்குழாய்கள் வளர்வதில்லை. பயிற்சியால் வளரும் இதயத்திலோ நுண்குழாய்களும் சேர்ந்து வளர்கின்றன, நார்ப்படிவு பொதுவாக ஏற்படுவதில்லை.

நடையை நிறுத்த வேண்டாம். நடக்கும்போது விரைந்தோடும் இரத்தம் குழாய்ச் சுவரை உரசுவதால் அங்கே நைட்ரிக் ஆக்சைடு சுரந்து குழாய் தளர்கிறது. இந்த வாயு உடலில் தூதுவனாக இயங்குவதைக் கண்டறிந்ததற்குத்தான் 1998-இல் மருத்துவ நோபல் பரிசு தரப்பட்டது. அதற்காக மாத்திரையைத் தாமாகவே விட்டுவிடக் கூடாது.

ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறேன். மற்ற மாதங்களில் கடையில் உட்கார்ந்தே வேலை. இது போதாதா?
(வாசகர், பள்ளத்தூர்)

குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று நாள்கணக்கில் நடக்கும் அந்த நேர்ச்சையின் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் இதயத்தைப் பொறுத்தவரை அது போதாது என்றே சொல்ல வேண்டும். மேலே சொன்ன தூண்டல்கள் ஒவ்வொரு பயிற்சியின்போதும் எழுந்து, சில மணி நேரத்தில் அல்லது ஓரிரு நாளில் தணிந்துவிடுபவை. அடுத்தடுத்து எழுந்தால்தான் அவை புரதமாகவும் மைட்டோகாண்ட்ரியாவாகவும் நிலைபெறும். 1966-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் 20 வயது இளைஞர்கள் ஐவரை 3 வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் உடல் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவு கால் பங்குக்கு மேல் குறைந்தது. 30 ஆண்டுகள் கழித்து அதே ஐவரைச் சோதித்தபோது, முதுமையால் வந்த இழப்பைவிட அந்த 3 வார இழப்பே பெரிதாக இருந்தது.

கார்த்திகையிலேயே நடக்கத் தொடங்கித் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். முன்பழக்கமின்றித் திடீரென நாள் முழுவதும் நடப்பது நடுவயதில் ஆபத்தானது. பழனியிலிருந்து திரும்பிய பிறகும், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிட மித நடையை விடாதீர்கள். கடை திறக்குமுன் ஊருணிக்கரையில் அரை மணி நேரம், வாரத்தில் 5 நாள் நடந்தால் கணக்குச் சரியாகிவிடும்.

எனக்கு 70 வயது. இனி நடக்கத் தொடங்கிப் பயனுண்டா? வெயிலில் வெளியே போக முடிவதில்லை.
(வாசகி, கானாடுகாத்தான்)

உண்டு. ஆனால் எந்தப் பயன் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், அம்மா. 45 முதல் 64 வயது வரையிலானவர்கள் 2 ஆண்டு முறையாகப் பயின்றபோது, விறைத்திருந்த இதயம் நெகிழ்ந்ததை 2018-இல் ஓர் ஆய்வு காட்டியது. 65-ஐக் கடந்தபின் தொடங்கியவர்களுக்கு ஓராண்டுப் பயிற்சியில் அந்த விறைப்பு அதிகம் மாறவில்லை. ஆயினும் அவர்களின் ஆக்சிஜன் திறன் நன்கு உயர்ந்தது. மாடி ஏறுவதும், கோயிலுக்குப் போய் வருவதும் எளிதாக இந்த உயர்வே போதும். தவிர, சுருங்கும் தசை இன்சுலின் உதவியின்றியே சர்க்கரையை உள்ளிழுத்துக்கொள்வதால், நீரிழிவு உள்ளவர்களுக்கு இது கூடுதல் பலன். உங்கள் ஊர் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடிபவை. முகப்பிலிருந்து பின்கட்டு வரை, வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றி நடந்தாலே போதும். நெஞ்சில் இறுக்கமோ வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறலோ வந்தால் உடனே நிறுத்தி, மருத்துவரைப் பாருங்கள்.

காவலர் தேர்வுக்காக ஓடிப் பழகும் என் மகனுக்கு நாடித்துடிப்பு 48. பயப்பட வேண்டுமா?
(வாசகர், பொன்னமராவதி)

அவருக்குத் தொந்தரவு ஏதும் இல்லையென்றால் பயம் வேண்டாம். நீண்டகாலம் ஓடுபவர்களிடம் இது இயல்பே. துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவில், மின்னூட்டத் துகள்களைச் செல்லுக்குள் விடும் எச்.சி.என்-4 என்னும் அயனிக் கால்வாய் பயிற்சியால் குறைந்து, அதனால் துடிப்பு மெதுவாவதை 2014-இல் விலங்காய்வு ஒன்று காட்டியது. மயக்கமோ தலைசுற்றலோ இருந்தாலும், குடும்பத்தில் யாரேனும் இளம் வயதில் திடீரென இறந்திருந்தாலும், அடுத்த ஓட்டத்துக்கு முன் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.