ஆந்தைகளை வயல்வெளியிலும் வீட்டருகிலும் காண்பது எப்படி?

இரவில் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு மரம் மரமாகத் தேடினால் ஆந்தையைக் காண முடியுமா என்பது கேள்வி. பெரும்பாலும் முடியாது. ஆந்தையின் இருப்பிடத்தைப் பகலில் கண்டறிந்து, அந்தியில் அங்கே காத்திருப்பதே பலன் தரும் வழி.

பொந்துள்ள முதிய மரங்கள், ஆளில்லாத கட்டடங்கள், அடர்ந்த கிளைகள் ஆகியவற்றின் அடியைப் பாருங்கள். சுண்ணாம்பு தெளித்தாற்போல் எச்சம் படிந்திருந்தால் மேலே ஏதோ ஒரு பறவை வழக்கமாக அமர்கிறது. அதனோடு விரலளவு உருண்டைகளும் கிடந்தால் அது அநேகமாக ஆந்தைதான். இரையை முழுதாக விழுங்கும் ஆந்தை, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாக்கி வாய்வழியே கக்கிவிடும். இதய வடிவ வெண்முகம் கொண்ட ஆந்தையினமான கூகை அண்மையில் கக்கிய உருண்டை கருமையாகப் பளபளக்கும். அதை நீரில் ஊறவைத்து ஊசியால் மெல்லப் பிரித்தால், மயிருக்குள்ளிருந்து செம்மஞ்சள் முன்பற்களோடு எலியின் தாடை முழுதாக வெளிவரும். முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் இடையே வெற்றிடமின்றி வரிசையாகப் பற்கள் அமைந்திருந்தால் அது மூஞ்சூறு. பறவையைக் காண்பதைவிட இதுவே எனக்குச் சுவையான வேலை என்றால் சிலர் சிரிக்கக்கூடும். பகலில் சிறு பறவைகள் ஒரே கிளையைச் சூழ்ந்து ஓயாமல் கத்தினால் அதையும் கவனியுங்கள். அங்கே ஆந்தை பதுங்கியிருக்க வாய்ப்புண்டு.

காத்திருப்பதற்குக் காற்றில்லாத மாலையே ஏற்றது. கூகையின் இரு காதுத் துளைகளும் வெவ்வேறு உயரத்தில் அமைந்திருப்பதால், ஒலி மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்பதை அது துல்லியமாக அறிகிறது. முழு இருளிலும் செவியை மட்டுமே கொண்டு கூகை இரையைப் பிடிக்கும் என்பதை அமெரிக்க உயிரியலாளர் ரோஜர் பெய்ன் 1971-இல் வெளியிட்ட ஆய்வு விரிவாகக் காட்டியது. காற்றும் மழையும் இரையின் சலசலப்பை மறைத்துவிடுவதால் அத்தகைய இரவுகளில் வேட்டை கடினம். எனவே மழை ஓய்ந்த மறுநாள் மாலை, புல் வெட்டப்படாத வயலோரத்தில் அசையாமல் அமர்ந்திருங்கள். இறகின் முன்விளிம்பிலுள்ள சீப்புப் பற்கள் போன்ற அமைப்பு காற்றின் ஓசையை அடக்கிவிடுவதால், சிறகொலி கேட்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வீட்டருகில் என்றால் தெருவிளக்குகளைக் கவனியுங்கள். வெளிச்சத்தை நாடிவரும் பூச்சிகளைப் பிடிக்கச் சிறிய ஆந்தைகள் கம்பிகளில் வந்து அமர்வதுண்டு.

பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு ஆந்தையை வரவழைப்பதை நான் ஏற்பதில்லை. தன் எல்லைக்குள் போட்டியாளர் நுழைந்துவிட்டதாக எண்ணும் பறவை, வேட்டையையும் குஞ்சுகளையும் விட்டுவிட்டு அந்தக் குரலைத் தேடி அலைகிறது. படமெடுப்பவர்கள் ஃபிளாஷைத் தவிர்க்க வேண்டும். கூட்டை நெருங்கவே கூடாது. வீட்டில் எலி விஷம் வைப்பவர்கள், அதைத் தின்ற எலியை ஆந்தை பிடித்தால் நஞ்சு அதன் உடலுக்கும் சென்று சேரும் என்பதை அறிந்திருப்பது நல்லது.

தரையில் குஞ்சைக் கண்டால் உடனே தூக்கிச் செல்லாதீர்கள். பல இன ஆந்தைக் குஞ்சுகள் நன்றாகப் பறக்கும் முன்பே கூட்டைவிட்டு வெளியேறி, அலகாலும் நகத்தாலும் பற்றி மரமேறும். காயமில்லையெனில், நாய் பூனைக்கு எட்டாத கிளையில் வைத்துவிட்டு விலகினால் போதும். கூகைக் குஞ்சு இதற்கு விதிவிலக்கு. தரையில் விழுந்த குஞ்சுக்குத் தாய்ப்பறவை பெரும்பாலும் இரையூட்டாது என்பதால், பறவைகளைப் பராமரிக்கத் தெரிந்தவர் உதவியுடன் அதைக் கூட்டிலேயே திரும்பச் சேர்க்க வேண்டும்.