ஆசிரியர்களிடம் டிஜிட்டல் கருவிகளைக் கொண்டுசேர்க்க, இணைப்புப் பட்டியல் அனுப்பினால் போதுமா?

போதாது. நீங்கள் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிய இணைப்புகளை எவரும் திறந்து பார்க்கவில்லை என்று ஊகிக்கிறேன். நானும் 32 இணைப்புகளை அனுப்பிவிட்டு, கட்டைவிரல் குறிகளை மட்டும் பெற்றுக்கொண்டவன்தான்.

கோத்தகிரிப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். மாணவர் கையிலும் கருவி இருக்க வேண்டிய கஹூட் என்ற இணைய வினாடி வினா எங்களுக்குச் சரிப்படாது; ஆடி மாதத்தில் மின்சாரம் முதலில் போகுமா, சிக்னல் முதலில் போகுமா என்பதே எங்கள் கவலை. ஆகவே பிளிக்கர்ஸ் அட்டைகளை அச்சிட்டேன். ஆளுக்கோர் அட்டை, அதன் நான்கு பக்கங்களும் நான்கு விடைகள், தாம் நினைக்கும் விடைக்குரிய எழுத்து மேலே வரும்படி மாணவர்கள் பிடித்தால், ஆசிரியரின் கைப்பேசிக் கேமரா அவற்றைப் படித்துக் கணக்கிட்டுவிடும். எழுத்து மிகப் பொடியாக இருப்பதாலும் அட்டைக்கு அட்டை அதில் அச்சான கறுப்பு வடிவம் மாறுவதாலும் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துப் பிடிப்பது கடினம்.

மேகம் ஜன்னல் வழியே வகுப்புக்குள் வந்துவிடும் ஊரில் தாள் நமுத்துவிடுமே என்று, 40 அட்டைகளையும் கடைவீதியில் லேமினேஷன் செய்துவந்தேன். டியூப்லைட் வெளிச்சம் அந்தப் பளபளப்பில் பட்டுக் கூசியதால், முன்வரிசையில் ஐந்து பேரின் அட்டைகளைத் தவிர மற்றவற்றைக் கைப்பேசி படிக்கவில்லை. கூச்சம் போகட்டும் என்று பிள்ளைகள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பிடித்ததில் விடைகளும் மாறிப்போயின. பிறகு சாதாரணத் தாளில் மீண்டும் அச்சிட்டு, காலண்டர் அட்டையில் ஒட்டி, பிஸ்கட் டப்பாவில் மூடிவைத்தேன்.

சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் இந்தத் தோல்வியைச் சொன்ன பிறகுதான் மூன்று ஆசிரியர்கள் அட்டைகளைக் கேட்டு வாங்கிச் சென்றார்கள்.

கரும்பலகை போதாதா என்பவர்களுடன் எனக்குச் சண்டையில்லை. ஆனால் ஒளிச்சேர்க்கை புரிந்ததா என்றதும் வகுப்பே தலையாட்டிய அன்று, அட்டைகளில் பாதி தவறான விடையைக் காட்டின. பயிற்சிகள் முடிந்தால் எங்களிடம் புகைப்படம் கேட்கிறார்களே தவிர, கருவி வகுப்பில் வேலை செய்ததா என்று ஒருவரும் கேட்பதில்லை என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இப்போது, இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் (PhET) தளத்தின் கணினித்திரைச் சோதனைகளில், இணையமின்றி ஓடுபவற்றைப் பென்டிரைவில் ஏற்றிக் கைமாற்றிக்கொள்கிறோம். எந்தப் பாடத்துக்கு, எத்தனை நிமிடம், எங்கே தடுமாறியது என்று எழுதிய துண்டுச்சீட்டு அதனுடன் ரப்பர் வளையத்தில் கட்டியிருக்கும்; சீட்டில்லாமல் வந்தால் நான் வாங்குவதில்லை.