கொரியாவில் ஹனோக் என்கிற பாரம்பரிய வீட்டு விடுதியில் ஓர் இரவு தங்குவது எப்படி இருக்கும்? தரையில்தான் படுக்க வேண்டுமாமே?

ஆமாம், தரையில்தான். என்னைக் கேட்டால் அதற்காகத்தான் அங்கே போகவே வேண்டும்.

நானும் மனைவியும் ஒரு ஜனவரியில் பத்து நாள் பயணமாகக் கொரியா போயிருந்தோம். அதில் ஓர் இரவு ஜொன்ஜுவில். சியோலின் யோங்சான் நிலையத்தில் கே.டி.எக்ஸ் அதிவேக ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே 700 வீடுகளுக்கு மேல் உள்ள ஹனோக் கிராமம் இருக்கிறது. கிராமம் என்று பெயரே தவிர, நகரத்துக்கு நடுவில்தான். அரசர் காலத்து வீடுகள் என்று நினைத்துப் போகாதீர்கள். ஜப்பான் ஆட்சியின்போது ஜப்பானிய வணிகர்கள் நகருக்குள் கடை பரப்ப, கொரியர்கள் 1930களில் இந்தப் பக்கம் ஒன்றாகக் குடியேறிக் கட்டிய வீடுகளில் தொடங்கியது இது.

வீட்டின் அமைப்பு நமக்கு அவ்வளவு அந்நியமாக இல்லை. ஓட்டுக்கூரை, நடுவில் முற்றம், அறைக்கு முன்னால் மாரு என்கிற மரத் திண்ணை. திண்ணைக்குக் கீழே ஒரு கல் படி, அதில் செருப்பைக் கழற்றி வைக்க வேண்டும். நிலை தாழ்வு. நான் இரண்டு முறை இடித்துக்கொண்டேன். கதவில் கண்ணாடி கிடையாது, மரச் சட்டத்தில் ஹன்ஜி என்கிற காகிதம் ஒட்டியிருக்கும். அறைக்குள் நாற்காலி, கட்டில் எதுவும் இல்லை. மூலையில் மடித்து வைத்த மெத்தையும் ரஜாயும், கோதுமை உமி மாதிரி ஏதோ சரசரக்கும் தலையணையும். அது பக்வீட் என்கிற தானியத்தின் உமியாம்.

இப்போது அந்தத் தரை. ஒண்டோல் என்பார்கள். பழைய முறையில் சமையலறை அடுப்பு அறையை விடத் தாழ்வாக இருக்கும். அதில் எரிகிற தீயின் சூடும் புகையும் அறைத் தரைக்கு அடியில், கல் பலகைகளுக்குக் கீழே ஊர்ந்து போய் மறுபக்கப் புகைபோக்கியில் வெளியேறும். மேலே சோறும் வேகும், உள்ளே தரையும் சுடும். அடுப்புக்குப் பக்கத்து மூலைக்கு அரெத்மோக் என்று பெயர். வீட்டுப் பெரியவர்களுக்கு உரிய இடம் அது. இரவில் தாமதமாக வரும் அப்பாவுக்குச் சோற்றுக் கிண்ணத்தை மூடி, போர்வைக்கு அடியில் அங்கேதான் வைப்பார்களாம். இடுப்பு வலிக்காரர்கள் அங்கே முதுகைப் போட்டுப் படுப்பதற்கு ஒரு சொல் இருக்கிறது, ‘ஜிஜிதா’. கல்லில் எண்ணெய் விட்டு அடை சுடுகிறோமே, அதற்கும் கொரிய மொழியில் அதே சொல்தான்!

நாங்கள் தங்கிய வீட்டில் விறகு இல்லை. பெரும்பாலான இடங்களில் இப்போது பாய்லர்தான், தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது. படுத்தால் மூக்கு நுனி சில்லென்று இருக்கிறது, முதுகு தோசைக்கல்லில் இருக்கிறது. பத்து மணிக்கு எனக்குத் தாங்கவில்லை. சுவரில் இருந்த பெட்டியில் எல்லாம் கொரிய எழுத்து. குத்துமதிப்பாக ஒரு பட்டனை அழுத்தினேன், ஏதோ விளக்கு மாறியது, சரி என்று தூங்கிவிட்டேன். மூன்று மணிக்கு மனைவி எழுப்புகிறாள், தரை பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கிறது. இருந்த ரஜாய் அத்தனையும் போர்த்திக்கொண்டு விடிய வைத்தோம். காலையில் வீட்டுக்காரப் பாட்டியிடம் காட்டினால், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். கைப்பேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தோம். ‘வெளியே போயிருக்கிறோம்’ என்கிற பட்டனாம். ஆள் இல்லை என்று நானே பாய்லருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆகவே போனவுடன் அந்தப் பெட்டியை ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சத்தம் ஒரு குறைதான். காகிதக் கதவு எதையும் மறைக்காது. பக்கத்து அறைக் குழந்தை ‘அப்பா’ என்று கூப்பிட்டதும் நம்மூர்க் குடும்பமோ என்று நினைத்தோம். கொரியக் குழந்தைகளும் அப்பாவை அப்பா என்றுதான் கூப்பிடும் என்று பிறகு தெரிந்தது. குறட்டை விடுகிறவர்கள் கொஞ்சம் யோசியுங்கள்.

பகலில் அந்தத் தெருக்களில் நடக்க முடியாது. வாடகைக்கு ஹன்போக் என்கிற பாரம்பரிய உடை எடுத்துப் போட்டுக்கொண்டு படம் பிடிப்பவர்கள், குச்சியில் குத்திய தின்பண்டக் கடைகள், திருவிழாக் கூட்டம். இரவு ஒன்பது மணிக்கு எல்லாரும் கிளம்பிவிடுகிறார்கள். சோசொன் வம்சத்தை நிறுவிய அரசரின் படத்தை வைப்பதற்காக 1410இல் எழுப்பிய கியோங்கிஜொன் மண்டபத்தின் மதில் ஓரமாக நாங்கள் இரண்டு பேர் மட்டும் நடந்தோம். தங்குகிறவனுக்குக் கிடைப்பது இதுதான். சியோலில் உள்ள புக்சோன் ஹனோக் கிராமத்திலும் நெரிசல் மிகுந்த பகுதியில் 2024 நவம்பர் முதல் மாலை 5 மணியிலிருந்து காலை 10 மணிவரை சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு அனுமதி இல்லை. அங்கேயே தங்குபவர்களுக்கு விலக்கு உண்டு.

சாப்பாடு: ஜொன்ஜு, சோற்றின்மேல் காய்கறிகள் வைத்துப் பிசைந்து சாப்பிடும் பிபிம்பாப்புக்குப் பேர்போன ஊர். சில கடைகளில் அதன்மேல் பச்சை மாட்டிறைச்சி வைப்பார்கள், சைவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காலையில் முளைகட்டிய சோயா போட்ட சூப் சாதம். குளிருக்கு அது அமிர்தம், ஆனால் சூப்பையே நெத்திலி போட்டுக் கொதிக்க வைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

அசல் பழைய வீடுதான் வேண்டும் என்றால் ஆண்டோங் நகரத்துப் பக்கம் ஹாஹொயே கிராமத்துக்குப் போங்கள். நக்தோங் ஆறு வளைத்து ஓடும் ஊர், ரியூ குலத்தார் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள், 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. விறகு அடுப்பு அறை வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே கேளுங்கள், எல்லா வீட்டிலும் இருக்காது. முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போனால் கட்டில் போட்ட ஹனோக் அறைகளும் கிடைக்கின்றன. வார இறுதியில் வாடகை ஏறும்.

அப்புறம், குளிர்காலத்தில் ஷூவை இரவு கல் படியிலேயே விடாதீர்கள். காலையில் பனிக்கட்டிக்குள் காலை விட்ட மாதிரி இருந்தது.