கிரெட்ஸ்கியின் கணக்கு 894 அல்ல

கேள்வி: வெய்ன் கிரெட்ஸ்கியின் 894 கோல் சாதனையை 2025-இல் ரஷ்ய வீரர் ஆவெச்கின் முறியடித்துவிட்டார். அதற்குப் பிறகும் கிரெட்ஸ்கிதான் ஐஸ் ஹாக்கியின் தலைசிறந்த வீரர் என்று எழுதுகிறீர்களே, இது பழைய பாசம்தானே? என் மகன் படித்துவிட்டுச் சிரிக்கிறான்.
– ஒரு வாசகர், ஸ்கார்பரோ

பதில்: பாசம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் எண்ணியது தப்பான கணக்கு. கோல் போடுவது கிரெட்ஸ்கியின் இரண்டாவது பெரிய திறமை. முதல் திறமை, அடுத்தவரைக் கோல் போட வைப்பது.

ஐஸ் ஹாக்கியில் கோல் போட்டவருக்கு ஒரு புள்ளி. அதற்கு முன் 'பக்' என்கிற ரப்பர் வட்டைத் தள்ளிக் கொடுத்தவர்களுக்கு, அதிகபட்சம் இரண்டு பேருக்கு, அசிஸ்ட் என்று ஆளுக்கு ஒரு புள்ளி. சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளே-ஆஃப் ஆட்டங்களைச் சேர்க்காமல், வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லில் கிரெட்ஸ்கி ஆடியது 1,487 ஆட்டம். கோல் 894, அசிஸ்ட் 1,963, ஆக மொத்தம் 2,857 புள்ளி. அவருக்கு அடுத்து இருக்கும் யாரோமிர் யாகரின் மொத்தப் புள்ளியே 1,921தான். சரி, கிரெட்ஸ்கியின் 894 கோலையும் அழித்துவிடுங்கள். ஒரு கோல்கூடப் போடாத ஆள் என்றே வையுங்கள். அப்போதும் புள்ளிப் பட்டியலில் அவர்தான் முதலில் நிற்பார். ஆவெச்கின் தாண்டிப் போனது நாம் இப்போது அழித்த அந்தப் பகுதியைத்தான்.

இதற்கும் உங்கள் மகன் பதில் வைத்திருப்பான். எண்பதுகளில் கோல் மழை பெய்தது, கோல்கீப்பர்களின் கவசம் சின்னது, இன்றைக்குக் கோல் போடுவது எவ்வளவு கஷ்டம் என்பான். நியாயமான வாதம். 1981-82 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக எட்டு கோல் விழுந்தது. இன்று ஆறு சொச்சம். இந்தக் காலத்தில் ஆடி 894-ஐத் தாண்டியவரை நான் குறைத்துப் பேச மாட்டேன். கோல் போடுவதில் ஆவெச்கின்தான் ராஜா. ஆனால் அந்த மழையில் கிரெட்ஸ்கி மட்டுமா நனைந்தார்? அதே 1981-82-இல் அவர் 92 கோலோடு 212 புள்ளி எடுத்தார். இரண்டாமிடம் பிடித்த மைக் பாசி எடுத்தது 147. பாசியும் சாமானிய ஆள் இல்லை. ஒரே லீக், ஒரே சீசன், வித்தியாசம் 65 புள்ளி! அந்த ஆண்டில் 39 ஆட்டத்துக்குள் 50 கோலைத் தொட்டார். 39-வது ஆட்டத்தில் மட்டும் பிலடெல்ஃபியாவுக்கு எதிராக ஐந்து கோல்.

இத்தனைக்கும் ஆளை மோதித் தள்ளும் இந்த ஆட்டத்தில் அவர் ஒல்லியான பையன். வேகத்திலும் ஷாட்டின் பலத்திலும் அவரை மிஞ்சியவர்கள் இருந்தார்கள். அவர் பிடித்துக்கொண்ட இடம் எதிரணி வலையின் பின்பக்கம். அங்கிருந்து நேராகக் கோல் அடிக்க முடியாது. கிரெட்ஸ்கி பக்கோடு அங்கே போய் நிற்பார். தடுப்பவர் ஒருபக்கமாக வந்தால் இவர் மறுபக்கம் நழுவுவார், நடுவில் வலையே அரண். கோல்கீப்பர் இவரைப் பார்க்கத் தலையைத் திருப்பியாக வேண்டும். அவர் திரும்பிய நொடியில் வலைக்கு முன்னால் கிரெட்ஸ்கியின் அணித்தோழர் யாரி குர்ரி வந்திருப்பார், பக் அவரிடம் போயிருக்கும். அந்த இடத்துக்கு 'கிரெட்ஸ்கியின் ஆபீஸ்' என்றே பெயர் வந்துவிட்டது. ஒன்டாரியோவின் பிரான்ட்ஃபோர்டில், வீட்டுக் கொல்லையில் தண்ணீர் விட்டு உறையவைத்த தளத்தில் அப்பா வால்டர் சொல்லிக்கொடுத்த பாடம் அது: பக் இருக்கிற இடத்துக்குப் போகாதே, அது வரப்போகிற இடத்துக்குப் போ.

அவர் ஆடிய எட்மன்டன் ஆயிலர்ஸ் அணிக்கு 1984, 85, 87, 88 என்று நான்கு முறை ஸ்டான்லி கோப்பை, அதாவது என்ஹெச்எல் சாம்பியன் கோப்பை. 1988 ஆகஸ்டில் அவரை லாஸ் ஏஞ்சலஸ் அணிக்குக் கொடுத்தபோது கனடாவே கலங்கியது. 1999-இல் ஓய்வு பெற்றார். அவர் அணிந்த 99-ஆம் எண்ணை அதற்குப் பிறகு எந்த அணியிலும் யாருக்கும் கொடுப்பதில்லை.

அப்புறம், 2025 ஏப்ரல் 6 அன்று ஆவெச்கின் போட்ட 895-வது கோல். நியூயார்க் ஐலண்டர்ஸுக்கு எதிரான அந்த ஆட்டம் ஆவெச்கினுக்கும் 1,487-வது. கிரெட்ஸ்கி அரங்கிலேயே இருந்து, பனித்தளத்துக்கு இறங்கி வந்து வாழ்த்தினார். அந்த வீடியோவை மகனோடு உட்கார்ந்து பாருங்கள். ஆவெச்கின் அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்துங்கள். பக்கை அவரிடம் அனுப்பிய அணித்தோழர் டாம் வில்சனைக் காட்டுங்கள். வில்சன் அன்று செய்ததை 1,963 முறை செய்தவரைப் பற்றித்தான் நான் எழுதினேன்.